வாடகை கட்டிச் சொந்தமாக்கும் வீடு: கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர் ரொட்டி டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டின்னுக்குள், கார்பன் தாள் வைத்து எழுதும் ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த 53 ரசீதுகள், மாத வரிசையில் அடுக்கி ரப்பர் வளையம் போட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் 'வீட்டு வாடகை' என்ற சொல்லும் ஒரு தொகையும் ஒரு கையெழுத்தும் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடியில் இருந்த இரண்டு பக்க ஒப்பந்தம், ஐந்து ஆண்டு வாடகை கட்டி முடித்ததும் வீடு அவர்களுக்குச் சொந்தமாகும் என்றது. வங்கியின் ஏல அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்ட பிறகுதான் அவர்கள் எங்களைத் தேடி வந்திருந்தார்கள்.

வீட்டின் கிராணை, அதாவது நிலப் பட்டாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கிராண்ல உங்க பேரு இல்லையே" என்றேன். "நாலரை வருசமா கட்டுறோம் தம்பி. பேரு கடைசியில மாத்திக்கலாம்னுதானே சொன்னாரு" என்றார் அந்த அம்மா.

அவர்கள் ஒரு மாதம்கூடத் தவணை தவறவில்லை. தவறியவர் வீட்டுக்காரர், வாங்கிய வாடகையை அவர் தம் வீட்டுக் கடனுக்குக் கட்டவில்லை. இந்த வகை ஏற்பாட்டில் நம்முடைய ஒழுங்கு மட்டும் போதாது என்பதை அந்த டின் எனக்குக் காட்டியது. வாங்கும் நாளில் நமக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும். விற்பதாகச் சொன்னவருக்கு அதே நாளில் விற்கும் அதிகாரம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பொய்த்தாலும், கட்டியதெல்லாம் வெறும் வாடகையாகிவிடும். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதற்கானவை.

தோட்டப் பட்டணங்களில் இந்த ஏற்பாட்டுக்குக் கிராக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு. தோட்ட வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. தொழிலாளர் வீடமைப்புக்கான 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தரச் சட்டம், நிர்வாகம் தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அந்த வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கச் சொல்லவில்லை. ஆகவே ஓய்வு நெருங்கும்போதும், பிள்ளைகள் திருமணமாகித் தாமானில் (பட்டணத்து வீடமைப்புப் பகுதியில்) வாடகைக்குப் போகும்போதும், முன்பணம் இல்லாமல் வீடு என்ற பேச்சு காதுக்கு இனிக்கிறது. சிறுகச் சிறுகக் கட்டி நிலத்தைச் சொந்தமாக்குவது நமக்குப் புதிதும் அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே ஊரைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அங்கே பணத்தைப் பெற்றுக்கொண்டது பதிவு பெற்ற ஒரு சங்கம். இன்று பலர் அதே நம்பிக்கையை ஒரு தனிமனிதரின் வாய்ச்சொல் மீது வைக்கிறார்கள்.

முதற்படி: உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று அறிதல்

ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் புழங்குகின்றன.

முதல் வகையை வங்கியோ அரசு அமைப்போ நடத்துகிறது. 2020ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட திட்டத்தை மாதிரியாகக் கொள்ளலாம்: 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான முதல் வீட்டில் ஐந்து ஆண்டு வரை வாடகைக்கு இருக்கலாம், முதல் ஆண்டு முடிந்ததும், ஒப்பந்தம் போட்ட நாளில் நிர்ணயித்த விலைக்கே வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றது அது. மேபேங்க் இஸ்லாமிக் வங்கியின் ஹவுஸ்கீ திட்டமும் இதே தடத்தில் நடப்பது. இங்கே வீடு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஒப்பந்தம் அச்சிட்ட வடிவில் வருகிறது, கணக்கு முறையாக இருக்கிறது. குறை என்னவென்றால், பட்டியலில் உள்ள வீடுகளை மட்டுமே எடுக்க முடியும். அவை பெருநகரங்களைச் சுற்றியே அதிகம். நம் ஊர்ப் பக்கத்து ஒற்றை மாடி இணைப்பு வீட்டை அந்தப் பட்டியலில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு.

இரண்டாவது வகையில், மேம்பாட்டாளர் விற்காமல் நிற்கும் வீடுகளைத் தாமே வாடகைக்கு விட்டுப் பிறகு விற்கிறார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமம் பெற்ற மேம்பாட்டாளர் கட்டி வரும் வீட்டை விற்கும்போது, 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வகுத்த ஜி, எச் போன்ற அட்டவணைகளின்படிதான் ஒப்பந்தம் எழுத வேண்டும். 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும், 50,000 வெள்ளி வரையிலான புகாரை வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகும் வழியும் வாங்குபவருக்கு உண்டு. வாடகை ஒப்பந்தம் மட்டும் கையில் இருக்கும் காலத்தில் நீங்கள் வாங்குபவர் அல்லர், வாடகைக்காரர். ஆகவே அந்தப் பாதுகாப்புகள் தாமாக வந்து சேரும் என்று எண்ணாதீர்கள். சுவர் வெடித்தால், கூரை ஒழுகினால் யார் பழுது பார்ப்பது என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வகை தனியார் ஏற்பாடு. நம் பட்டணங்களில் காணப்படுவது பெரும்பாலும் இதுதான். இதன் மிக ஆபத்தான வடிவத்துக்குப் பெயர் 'சம்போங் பாயார்': வீட்டுக்காரரின் வங்கிக் கடனை நீங்கள் தொடர்ந்து கட்டுவீர்கள், கடன் முடிந்ததும் பெயர் மாற்றித் தருவதாக அவர் சொல்வார். வங்கிக்கு உங்களைத் தெரியாது. கடன் இருபது ஆண்டு ஓடுமென்றால், அந்த இருபது ஆண்டும் அவர் உயிரோடும், திவாலாகாமலும், மனம் மாறாமலும் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில், நிம்மதியாக முடிந்த சம்போங் பாயார் வீடு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. நிம்மதியாக முடிந்தவை வழக்கறிஞரிடம் வருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் நியாயம்தான்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுவது நல்லது. 'காரை வாடகைக் கொள்முதலில் வாங்குவது போலத்தானே, முக்கால்வாசி கட்டிவிட்டால் எளிதில் பறிக்க முடியாதே' என்று பலர் சொல்வார்கள். அந்தப் பாதுகாப்பு 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் இருப்பது. அந்தச் சட்டம் வாகனங்களுக்கும் வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் உரியது. நிலத்துக்கும் வீட்டுக்கும் அது பொருந்தாது.

இரண்டாம் படி: இன்று கடன் ஏன் கிடைக்கவில்லை என்று கண்டுபிடித்தல்

இந்தத் திட்டம் உங்களுக்குத் தருவது கால அவகாசம். அந்தக் காலத்தில் சரியாகக்கூடிய தடை உங்களுக்கு இருந்தால் இது நல்ல திட்டம். சரியாகாத தடை என்றால் வீண் செலவு. ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன்பு, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் பதிவு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதை இணையத்தில் கட்டணமின்றி எடுக்கலாம். அது கடந்த 12 மாதத் தவணைப் பதிவைக் காட்டும். மோட்டார் சைக்கிள் கடனிலோ பிடிபிடிஎன் கல்விக் கடனிலோ நிலுவை இருந்து, அதை இப்போது அடைத்து ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால், அறிக்கை தெளிந்துவிடும். புதிய வேலையில் சேர்ந்து சம்பளச் சீட்டு போதாமல் இருப்பவருக்கும் காலம் துணை செய்யும்.

சம்பளமே போதாதவருக்கு அது துணை செய்யாது. மாதக் கடன் தவணைகள் வருமானத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கை வங்கி இன்றும் பார்க்கும், ஐந்தாண்டு கழித்தும் பார்க்கும். அப்படிப்பட்டவர்கள் முதலில் வேறு கதவுகளைத் தட்டுவது நல்லது. நிலையான சம்பளச் சீட்டு இல்லாத லாரி ஓட்டுநர், பலகாரக் கடை நடத்துபவர், குத்தகைக்குத் தேங்காய் வெட்டுபவர் போன்றோருக்காகவே எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் இயங்குகிறது. 2011இல் தொடங்கிய 'ஸ்கிம் ரூமா பெர்த்தாமாகு' (என் முதல் வீடு) திட்டம் முன்பணமில்லாத முழுக் கடனுக்கு வழி செய்கிறது. கடன் குழப்பத்தில் இருப்போருக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவச ஆலோசனை தருகிறது. மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு, மாதம் 124 வெள்ளி வாடகையில் தரப்படும் பிபிஆர் என்ற அரசு அடுக்குமாடி வீடே மேல். இந்தக் கதவுகளில் ஒன்று திறந்தாலும், வாடகை வழியைச் சுற்றிக்கொண்டு போகத் தேவையில்லை.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. வீட்டுக் கடன் பொதுவாக 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முந்தியதோ அதுவரைதான். 45 வயதுக்காரர் இன்று 227,000 வெள்ளி கடன் எடுத்தால் 25 ஆண்டு கிடைக்கும். ஆண்டு வட்டி 4 விழுக்காடு என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 1,198 வெள்ளி. அதே மனிதர் ஐந்தாண்டு வாடகை கட்டிவிட்டு 50 வயதில் அதே தொகையை எடுத்தால் 20 ஆண்டுதான் மிஞ்சும். மாதத் தவணை ஏறத்தாழ 1,376 வெள்ளியாகிவிடும். காத்திருந்ததால் கடன் கிடைப்பது கடினமாகுமே ஒழிய எளிதாகாது. 28 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. குடும்பத்தில் யார் பெயரில் ஒப்பந்தம் போடுவது என்பதை இந்த ஒரு கணக்கே முடிவு செய்துவிடும்.

மூன்றாம் படி: தாளில் கணக்குப் போடுதல்

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை 250,000 வெள்ளி. அதே வரிசையில் அதே அளவு வீட்டுக்கு ஊர் வாடகை 900 வெள்ளி. இந்த ஏற்பாட்டில் உங்களிடம் கேட்பது 1,300 வெள்ளி. பின்னர் வாங்கும் உரிமைக்காகத் தொடக்கத்தில் 5,000 வெள்ளி உரிமைக் கட்டணம். மாத வாடகையில் 300 வெள்ளியை விலையில் கழிப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள்.

ஐந்தாண்டில், அதாவது 60 மாதத்தில், ஊர் வாடகைக்கு மேல் நீங்கள் கட்டும் கூடுதல் பணம் 24,000 வெள்ளி. உரிமைக் கட்டணத்தோடு 29,000. விலையில் கழிவது 18,000 வெள்ளி. உரிமைக் கட்டணமும் கழியுமானால் 23,000. ஆக 6,000 வெள்ளி எங்கும் சேராமல் போகிறது. அதை விலையைப் பூட்டி வைத்ததற்கான கூலி என்று கொள்ளலாம். வாங்கினால் மீதி 227,000 வெள்ளிக்குக் கடன் வேண்டும். வாங்காவிட்டால் 29,000 வெள்ளியும் போய்விடும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே 5,000 வெள்ளியை வங்கியில் போட்டு, 900 வெள்ளிக்குச் சாதாரண வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மிச்சமாகும் 400 வெள்ளியை மாதந்தோறும் சேர்த்தால், ஐந்தாண்டில் வட்டியைக் கணக்கில் எடுக்காமலேயே 29,000 வெள்ளி கையில் இருக்கும். 250,000 வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 25,000 தான். பணத்தை ஒழுங்காகச் சேர்க்கக்கூடியவர் தாமே இந்தத் திட்டத்தை வீட்டுக்காரர் இல்லாமல் நடத்திக்கொள்ளலாம். தம் கையில் பணம் தங்காது என்று நேர்மையாக ஒப்புக்கொள்பவருக்குக் கட்டாயச் சேமிப்பு என்ற வகையில் இது உதவும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம்மில் பாதிப் பேர் சீட்டுக் கட்டுவதும் அதற்காகத்தான்.

இந்தக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம் மதிப்பீடு. வங்கி ஒப்பந்த விலையைப் பார்த்துக் கடன் தருவதில்லை. ஒப்பந்த விலை, மதிப்பீட்டு விலை இரண்டில் எது குறைவோ அதன் மீது விழுக்காடு போடும். ஐந்தாண்டு கழித்து மதிப்பீட்டாளர் அந்த வீட்டுக்கு 230,000 வெள்ளிதான் போட்டார் என்றால், அதில் 90 விழுக்காடு 207,000. உங்களுக்குத் தேவை 227,000. இடையில் இருக்கும் 20,000 வெள்ளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். தோட்டப் பட்டணங்களில் வீட்டு விலை நகரத்தைப் போல ஏறுவதில்லை என்பதால், இந்தப் பள்ளம் வெறும் கற்பனை அல்ல. 'இப்போதே எதிர்கால விலையைப் போட்டுப் பூட்டிவிடுவோம்' என்று கூடுதல் விலை கேட்பவரிடம், இன்றைய மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். வாடகையிலிருந்து கழித்த தொகையை முன்பணமாக ஏற்பார்களா, தள்ளுபடியாகக் கொள்வார்களா என்பதையும், நீங்கள் கடன் கேட்க நினைக்கும் வங்கியில் கையெழுத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இதற்கு மேல் வாங்கும் செலவு இருக்கிறது. 250,000 வெள்ளி வீட்டின் பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடும் அடுத்த 150,000க்கு 2 விழுக்காடுமாக 4,000 வெள்ளி வரும். 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு இந்த வரியில் அவ்வப்போது காலக்கெடுவோடு விலக்கு அறிவிக்கிறார்கள். உங்கள் ஐந்தாண்டு முடியும்போதும் அது நீடிக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

நன்மைகளையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வாங்கும் முன் அந்த வீட்டில் குடியிருந்து பார்க்க முடிவது சாதாரண வாய்ப்பு அல்ல. மழைக்காலத்தில் பின்கால்வாய் நிரம்புகிறதா, செம்பனை ஆலையின் வாடை எந்தக் காற்றில் வருகிறது, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் தெரியாது. விலை ஏறினால் பூட்டிய விலை உங்களுக்கு லாபம். இறங்கினால், வாங்காமல் விலகும் உரிமை உங்களைக் காக்கும். ஆனால் அந்த உரிமை உண்மையிலேயே உரிமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: நிலத்தைத் தேடிப் பார்த்தல்

எதை விட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் கிராண் நகலையும், அது இல்லாவிட்டால் பட்டா எண், லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் வாங்கிக்கொண்டு, நில அலுவலகத்தில் தேடல், அதாவது நிலப் பதிவேட்டு விவரம் எடுங்கள். கிராண் முக்கிம், பாஜாக்கான் முக்கிம் என்ற பட்டா வகைகள் மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கிராண், பாஜாக்கான் நெகிரி வகைகள் மாநில அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். சுங்கை சிப்புட் வீடு என்றால் முன்னதற்குக் கோலகங்சாருக்கும் பின்னதற்கு ஈப்போவுக்கும் போக வேண்டும். அதற்கான கட்டணம் ஒரு வேளை குடும்பச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.

தேடல் தாள் மலாயில் இருக்கும். நான்கு இடங்களை வாசித்தால் போதும். முதலில் உரிமையாளர் பெயர்: அது உங்களிடம் பேசும் ஆளின் பெயர்தானா, அடையாள அட்டை எண்ணும் ஒத்துப்போகிறதா? அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா இறந்துவிட்டார் என்றால், பூசாக்கா என்ற வாரிசுச் சொத்துப் பிரிப்பு முடியும்வரை மகனுக்கு விற்கும் அதிகாரம் இல்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து மற்ற மூவரைக் கட்டாது.

இரண்டாவது, உரிமைக் கட்டுப்பாடு. மாநில ஆட்சியின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தால் ஒப்புதல் கேட்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மலிவு விலை வீடுகளில் சில ஆண்டுகளுக்கு விற்கத் தடை இருப்பது உண்டு. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றிருந்தால், அந்த வீடு எந்த ஒப்பந்தத்தாலும் உங்கள் பெயருக்கு வராது. அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, வங்கி அடமானம். தேடலில் 'காடாயான்' என்று பதிவு இருந்தால், வீட்டுக்காரரின் கடைசிக் கடன் அறிக்கையைக் கேளுங்கள். அவர் வங்கிக்கு 260,000 வெள்ளி பாக்கி வைத்துக்கொண்டு உங்களுக்கு 250,000க்கு விற்பதாகச் சொன்னால், அந்த 10,000 வெள்ளியை எங்கிருந்து கொண்டுவந்து அடமானத்தை மீட்பார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். நான்காவது, கேவியட். வேறு யாராவது அந்த நிலத்தின் மீது உரிமை கோரித் தடை போட்டிருந்தால், காரணம் தெரியும் வரை பணம் கொடுக்காதீர்கள். கூடவே திவால் தேடலும் எடுங்கள். 100,000 வெள்ளிக் கடன் எட்டினால் ஒருவரைத் திவாலாக்க மனுப் போட முடியும். திவாலானவரின் சொத்து திவால் துறையின் கைக்குப் போய்விடும்.

டின்னோடு வந்த அந்தத் தம்பதியர் இந்தத் தேடலை முதல் நாளே எடுத்திருந்தால், அடமானம் இருப்பது தெரிந்திருக்கும். அடமானம் இருப்பதே குற்றம் அல்ல; பெரும்பாலான வீடுகளில் அது இருக்கும். ஆனால் அது தெரிந்திருந்தால், வாடகையை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் அவருடைய கடன் கணக்கில் நேராகக் கட்டியிருக்கலாம். வங்கியில் நிலுவை சேராமல் இருந்திருக்கும். அவர்கள் விஷயத்தில் வீடு ஏலத்தில் போனது. வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியிருந்தாலும், வீட்டுக்காரரிடம் வசூலிக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தல்

நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் இல்லாத நிலையில், உங்கள் பாதுகாப்பு முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது. வீட்டுக்காரரின் வழக்கறிஞர் உங்களுக்கும் வழக்கறிஞர் அல்லர். தனியாக ஒருவரை வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு வெள்ளி நீங்கள் செய்யும் செலவுகளிலேயே மலிவானது.

முதலில் பார்க்க வேண்டியது, 'வாங்கலாம்' என்று இருக்கிறதா, 'வாங்க வேண்டும்' என்று இருக்கிறதா என்பதை. முன்னது உரிமை, பின்னது கடமை. கடமை என்று எழுதியிருந்தால், கடன் கிடைக்காத நாளில் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். கட்டியது போவதோடு நட்டஈடும் கேட்கலாம்.

அடுத்தது காலம். நம் நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வாடகை குத்தகையாகப் பதிவு செய்யப்பட வேண்டும்; மூன்று ஆண்டு வரையிலான வாடகைக்குப் பதிவு தேவையில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் பதியாமல் வைத்திருந்தால், அது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான வாக்குறுதியாக நிற்குமே தவிர, நிலத்தைப் பற்றிய உரிமையாக நிற்காது. அவர் இடையில் வேறொருவருக்கு விற்றுவிட்டால் சிக்கல். ஆகவே உங்கள் வழக்கறிஞரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: குத்தகையாகப் பதிய முடியுமா? அல்லது வாடகையை நிலப் பதிவேட்டில் குறிப்பாக ஏற்ற முடியுமா? வாங்கும் உரிமையின் பேரில் தனியார் கேவியட் போட முடியுமா? வெறும் வாடகைக்காரர் என்ற தகுதியில் கேவியட் நிற்காது. வாங்கும் உரிமை விலையோடும் தேதியோடும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தான் உங்கள் வழக்கறிஞருக்கு வாதிட இடம் இருக்கும். தனியார் கேவியட்டின் ஆயுள் ஆறு ஆண்டு என்பதையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடமானம் இருக்கும் வீட்டில் குத்தகை பதிய வங்கியின் சம்மதமும் வேண்டும். வீட்டுக்காரர் வங்கியிடம் கேட்கவே தயங்குகிறார் என்றால், அந்தத் தயக்கத்தை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தாமதக் கட்டணப் பகுதி. 'ஒரு மாதம் தவறினாலும் வாங்கும் உரிமை ரத்து' என்ற ஒரு வரி பல ஒப்பந்தங்களில் நடுவில் ஒளிந்திருக்கும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுபவருக்கு மழை மாதத்தில் வருமானம் குறையும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதை ஒப்பந்தமும் அறிந்திருக்க வேண்டும். எழுத்து மூலம் நினைவூட்டி 30 நாள் அவகாசம் கொடுத்த பிறகே ரத்து என்று திருத்தக் கேளுங்கள். உங்கள் தவறு இல்லாமல், அதாவது அடமானம் மீட்கப்படாததாலோ ஒப்புதல் மறுக்கப்பட்டதாலோ விற்பனை முறிந்தால், கழிவுத் தொகையும் உரிமைக் கட்டணமும் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்ற பகுதியையும் சேருங்கள். வீட்டுக்காரர் இறந்தால் வாரிசுகளையும் ஒப்பந்தம் கட்டும் என்ற வரி இருக்கட்டும்.

நில வரி, கதவு வரி (ஊராட்சி மன்ற வரி), கழிவுநீர்க் கட்டணம், தீக்காப்பீடு, பழுது இவற்றை யார் கட்டுவது என்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். எழுதாமல் விட்டால் சண்டை இதில்தான் முதலில் தொடங்கும். நீங்கள் உரிமையாளராகப் போகிறவர் என்பதால் பெரிய பழுதை வீட்டுக்காரரும், இன்னும் வாடகைக்காரர்தான் என்பதால் நீங்களும் தட்டிக்கழிக்கப் பார்ப்பீர்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தம்பதியரின் அந்த இரண்டு பக்கத் தாளில் முத்திரை இருக்கவில்லை.

ஆறாம் படி: குடியிருக்கும் ஆண்டுகள்

வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் மாதத்தையும் 'கழிவு 300' என்பதையும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, இதுவரை எவ்வளவு கழிவு சேர்ந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட ஒரு வரி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை நிலத் தேடலையும் திரும்ப எடுங்கள். புதிய அடமானமோ கேவியட்டோ ஏறியிருந்தால் அப்போதே தெரியும். சமையலறையை இழுத்துக் கட்டுவது, முன்வாசலில் தளம் போடுவது போன்ற வேலைகளைப் பெயர் மாறும்வரை ஒத்திப் போடுங்கள். பிறர் நிலத்தில் நீங்கள் போட்ட சிமெண்டு, வெளியேறும் நாளில் உங்களோடு வராது. ஏதாவது தகராறில் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிடுவதாக மிரட்டினால், நீதிமன்ற உத்தரவில்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரையோ அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ நாடுங்கள்.

ஏழாம் படி: வாங்கும் உரிமையைப் பயன்படுத்துதல்

கடைசி நாளுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். இரண்டு மூன்று வங்கிகளில் மனுச் செய்து, மதிப்பீடு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பிறகு வாங்கும் முடிவை, ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். கோயில் திருவிழாவில் பார்த்தபோது வாயால் சொன்னேன் என்பது எங்கும் எடுபடாது. கடிதத்தின் நகலும் அஞ்சல் ரசீதும் ஒன்றாக இருக்கட்டும். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஊழியர் சேமநிதியில் உங்கள் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க மனுச் செய்யலாம். வாடகை ஒப்பந்தம் மட்டும் இருந்த காலத்தில் இந்தக் கதவு திறந்திருக்கவில்லை.

வீட்டுக்காரரின் வங்கி அடமானத்தை விடுவித்து, ஒப்புதல் தேவைப்பட்டால் அதுவும் வந்து, பெயர் மாற்றப் பத்திரம் நில அலுவலகத்தில் பதிவாகும் வரை மாதவாடகை நிற்கிறதா தொடர்கிறதா என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இந்த இடைக்காலம் மூன்று மாதத்தைத் தாண்டிப் போவது சாதாரணம். பதிவு முடிந்ததாக வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாமல், இன்னொரு தேடல் எடுத்து, உங்கள் பெயரின் எழுத்தும் அடையாள அட்டை எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதே வாரத்தில் கதவு வரி, நில வரி, மின்கட்டணக் கணக்குகளையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.